ஆபீஸ் செலவில் ஒரு பெரிய ஹோட்டல் சாப்பாடு: முதல்முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தாராபுரத்துப் பிள்ளைகள் வேலைக்குப் போகும் ஊர்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். திருப்பூரில் பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி, கோவை சரவணம்பட்டியில் ஐ.டி., சென்னையில் ஓ.எம்.ஆர்., இல்லாவிட்டால் பெங்களூரு. சேர்ந்து கொஞ்ச நாளானதும் எப்படியும் ஒரு சாயங்காலம் மேனேஜர் கூப்பிடுவார்: "நைட் பையரோட டின்னர். நீயும் வந்துரு." போய் உட்கார்ந்தால் தட்டின் இரண்டு பக்கமும் கத்தியும் முள்கரண்டியும், எதிரே மூன்று கண்ணாடி டம்ளர், நடுவில் கூம்பு மாதிரி மடித்து நிறுத்திய துணி. காசு கம்பெனியுடையது. ஆனாலும் நம்மவர்களில் பலர் ஒரு ஃப்ரைட் ரைஸைச் சொல்லிவிட்டு, சீக்கிரம் முடிந்தால் சரி என்று உட்கார்ந்திருப்பார்கள்.

தடுப்பது கூச்சம்தான். அதைத் தாண்டி, அந்தச் சாப்பாட்டை ருசித்துச் சாப்பிடுவதற்கு இந்த வழிகாட்டி. மேசை நாகரிகப் பாடம் இதில் கொஞ்சம்தான், சாப்பாடுதான் அதிகம்.

படி 1: யார் காசு, எவ்வளவு காசு?

வேலை வழியாக வரும் விருந்து மூன்று விதம். கம்பெனியே மொத்தமாக அழைத்துப் போகும் டீம் லஞ்ச். வாடிக்கையாளரோ பையரோ (எக்ஸ்போர்ட் சரக்கை வாங்கும் கம்பெனிக்காரர்) வந்தால் நடக்கும் டின்னர். வெளியூர் வேலைக்குப் போகும்போது சாப்பாட்டுக்கென்று தரும் தினப்படி.

முதல் இரண்டில் பில் உங்கள் கைக்கே வராது. மூன்றாவதில்தான் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஹெச்.ஆரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒரு நாளைக்கு எவ்வளவு வரை, பில் வேண்டுமா வேண்டாமா? சில கம்பெனிகள் தினப்படியை அப்படியே தந்துவிடும். மிச்சம் பிடித்தால் உங்களுக்கு. சில கம்பெனிகள் பில் பார்த்துத்தான் தரும். மதுபானம் இருந்தால் அந்த வரியை அடித்துவிட்டுத் தருவதும் உண்டு. பில் பார்த்துத் தரும் கம்பெனியில் இருக்கிறவர்கள் தள்ளுவண்டி இட்லியில் மூன்று வேளையும் ஓட்டுவதில் அர்த்தமே இல்லை. சேமிக்கும் காசு உங்களுக்கு வரப்போவதில்லை.

படி 2: கோவையில் பழகுங்கள், பிறகு சென்னை

முதல் தடவையே பெரிய டின்னரில் போய் மாட்டிக்கொள்வதைவிட, அதற்கு முன்னால் ஒரு மத்தியானம் கோவையில் போய்ப் பழகிக்கொள்வது நல்லது. ரேஸ் கோர்ஸில் விவாந்தா, ஐ.டி.சி.யின் வெல்கம்ஹோட்டல். அவிநாசி ரோட்டில் ரெசிடென்சி டவர்ஸ், ரேடிசன் ப்ளூ, நீலாம்பூர் பக்கம் லீ மெரிடியன். திருப்பூருக்கு வரும் பையர்கள் கோவை விமான நிலையத்தில் இறங்குவதால் அவிநாசி ரோட்டு ஹோட்டல்களுக்கு அவர்கள் பழகிய விருந்தாளிகள். நாளைக்கு நீங்கள் பையரோடு உட்காரப் போகிற மேசையும் அநேகமாக இவற்றில் ஒன்றில்தான் இருக்கும்.

வார நாளில் மத்தியான பஃபேதான் நல்ல தொடக்கம். எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கும், பெயர்ப் பலகையும் இருக்கும், பிடிக்காததை இன்னொரு தடவை எடுக்க வேண்டியதில்லை. பஃபேயில் நம்மவர்கள் செய்யும் ஒரே தப்பு, முதல் சுற்றிலேயே பிரியாணியை எடுத்து வயிற்றை அடைத்துக்கொள்வது. முதலில் ஒரு சுற்று தட்டில்லாமல் நடந்து பாருங்கள். ஊரில் கிடைக்காதது எது என்று பார்த்து அதிலிருந்து ஆரம்பியுங்கள். பனீர் பட்டர் மசாலா நம்ம ஊர் பழனி ரோட்டிலும் கிடைக்கும்.

சென்னை போனால் கதை வேறு. நுங்கம்பாக்கத்தில் 1974-இல் திறந்த தாஜ் கோரமண்டலில் 'சதர்ன் ஸ்பைஸ்' இருக்கிறது. தென்னிந்தியச் சாப்பாட்டை வெள்ளித்தட்டு மரியாதையோடு தருகிற இடம். தாஜ் கன்னிமாராவின் 'ரெயின்ட்ரீ' செட்டிநாட்டுச் சமையலுக்கானது. இந்த வகை உணவகங்களுக்கு வழிகாட்டி என்று சொல்ல வேண்டியது 'தக்ஷின்'. 1989-இல் அன்றைய பார்க் ஷெரட்டனில் தொடங்கி, நட்சத்திர ஹோட்டலில் தென்னிந்தியச் சாப்பாடு விலை போகும் என்று காட்டியது அதுதான். அது இருந்த ஆழ்வார்பேட்டை ஹோட்டல் 2023 டிசம்பரில் மூடப்பட்டது.

கிண்டியில் 2012-இல் திறந்த ஐ.டி.சி. கிராண்ட் சோழாவுக்குள் இரண்டு இடங்களை நான் தனியாகச் சொல்லுவேன். 'பெஷாவரி', 'அவர்தனா'. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். அதனால்தான் இரண்டையும் சொல்கிறேன்.

படி 3: டேபிள் சொல்லிவைப்பது, உடுப்பு

முன்கூட்டியே போன் பண்ணி டேபிள் சொல்லிவிடுங்கள். எத்தனை பேர், எத்தனை மணிக்கு, சைவம் எத்தனை, யாருக்காவது ஏதாவது ஒத்துக்காதா. இவ்வளவுதான் கேட்பார்கள். உடுப்புக்குத் தனிச் செலவு வேண்டாம். ஆபீஸுக்குப் போடும் முழுக்கால் சட்டை, காலர் வைத்த சட்டை, மூடிய ஷூ. பெண்களுக்குப் புடவையோ சுடிதாரோ தாராளம். வேட்டி கட்டிப் போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு: தமிழ்நாட்டில் 2014-லேயே சட்டம் வந்துவிட்டது. கிளப்புகளும் பொது இடங்களும் வேட்டி கட்டியவரை உடுப்புக்காகத் திருப்பி அனுப்ப முடியாது.

படி 4: மெனு கார்டைப் படிக்கிறது

இங்கேதான் பலருக்கு வேர்க்கும். நிதானமாகப் படியுங்கள். யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

உட்கார்ந்ததும் வரும் முதல் கேள்வி தண்ணீரைப் பற்றியது. "ஸ்டில் ஆர் ஸ்பார்க்ளிங்?" ஸ்டில் என்றால் குமிழ் இல்லாதது; ஸ்பார்க்ளிங் என்பது சோடா மாதிரி குமிழ் விடும் தண்ணீர், விலை அதிகம். "ரெகுலர் வாட்டர் போதும்" என்றால் வடிகட்டிய சாதாரணத் தண்ணீர் வரும். அதைக் கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

பச்சைப் புள்ளி, சிவப்பு அல்லது பழுப்புக் குறி எல்லோருக்கும் தெரியும். அதோடு பெரிய நிறுவனங்களின் மெனுவில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் எத்தனை கலோரி, கடலை, பால், கோதுமை போன்றவற்றில் எது இருக்கிறது என்றும் இருக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி அது. ஆனால் சுத்த சைவக்காரர்கள் புள்ளியை மட்டும் நம்பி இருந்துவிடாமல் சிலவற்றை வாய்விட்டுக் கேட்பது நல்லது. சீசர் சாலட் இலையும் தழையுமாகத்தான் தெரியும். அதன் பாரம்பரியச் சாஸில் ஆஞ்சோவி என்ற மீன் உண்டு. தாய்லாந்துக் குழம்பின் அரைப்பில் புளிக்கவைத்த இறால் விழுது இருப்பது வழக்கம். பன்னா கோட்டா என்ற இத்தாலிய இனிப்பை உறைய வைக்கும் ஜெலட்டின், விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. "ஏனுங்க, இதுல என்னென்ன போடறீங்க?" என்று அதே கொங்குத் தமிழில் கேளுங்கள். சொல்வதற்குத்தான் அவரை நிறுத்தியிருக்கிறார்கள்.

அசைவக்காரர்களுக்கு ஒரே எச்சரிக்கை: 'டெண்டர்லாயின்' என்று மொட்டையாக எழுதியிருந்தால் நம் ஊர் நட்சத்திர ஹோட்டலில் அது பெரும்பாலும் மாடு அல்லது எருமை. வேண்டும் என்கிறவர்கள் சாப்பிடுங்கள். வேண்டாதவர்கள் தட்டு வந்தபின் விழிக்க வேண்டாம். பேக்கன், ஹாம், பெப்பரோனி என்றால் பன்றி.

விலையைப் பார்த்து ஆர்டர் பண்ணுவதற்கும் ஒரு முறை உண்டு. விருந்து தருகிறவர் முதலில் என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். அந்த விலைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அவர் 900 ரூபாய்ப் பதார்த்தம் சொல்லும்போது நீங்கள் 4,000 ரூபாய் லாப்ஸ்டர் சொல்வதும் சரியில்லை, 250 ரூபாய் சூப்போடு நிறுத்திக்கொள்வதும் சரியில்லை. இரண்டுமே அவரைச் சங்கடப்படுத்தும்.

படி 5: டேஸ்டிங் மெனு என்றால் என்ன?

அவர்தனாவுக்குப் போனால் "என்ன வேணும்?" என்று கேட்க மாட்டார்கள். 7 முதல் 13 வரை எத்தனை கட்டமாகச் சாப்பிடப் போகிறீர்கள் என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்ய வேண்டும். மாயா, பேலா, ஜியா, அனிகா, தாரா என்று அந்த வரிசைகளுக்குப் பெயர். பிறகு ஒவ்வொன்றாகத் தானே வரும். கல்யாணப் பந்தியில் இலை முழுக்க ஒரே நேரத்தில் பரிமாறுவதை எடுத்து, ஒவ்வொரு பதார்த்தத்தையும் தனியாக, இரண்டு மூன்று வாய் அளவில், நேரம் விட்டு வைத்தால் எப்படியோ அப்படி. இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். முதல் நான்கு தட்டைப் பார்த்து "இவ்வளவுதானா?" என்று தோன்றும். கடைசியில் எழுந்திருக்கும்போது தோன்றாது.

அங்கே பேர்போனது ரசம். தக்காளி ரசத்தைத் தெளிய வடித்து, காபி வடிக்கும் கண்ணாடிக் குடுவையில் கொத்தமல்லித் தழையோடு ஊறவைத்து, மேசைக்கு வந்து அழுத்தி, மார்ட்டினி கிளாஸில் ஊற்றுவார்கள். கண்ணுக்கு லேசான தேன் நிறத் தண்ணீர். வாயில் வைத்தால் முழு ரசம். இதை வேடிக்கை என்று சிரித்துவிட்டுக் குடித்துவிடாதீர்கள். நம் வீட்டில் செலவு ரசம் வைக்கும்போது ஆத்தா என்னென்ன அரைத்துப் போடுவார், எதை முதலில் வறுப்பார் என்று தெரிந்த நாக்கு உங்களுடையது. அந்தக் கிளாஸில் சீரகம் எங்கே நிற்கிறது, மிளகு எப்போது தொண்டையைப் பிடிக்கிறது என்று பிரித்துப் பார்க்க, பக்கத்து மேசையில் இருக்கும் வெளிநாட்டுக்காரரைவிட உங்களுக்கு முடியும். 2023-இல் ஆசியாவின் 50 சிறந்த உணவகங்கள் பட்டியலில் 30-ஆவது இடம் பிடித்த இடம் அது. அது பரிமாறுவது நமக்குத் தெரிந்த ருசியைத்தான்.

இதையே இன்னும் தூரம் கொண்டுபோனவர் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்திலிருந்து போன செஃப் விஜய் குமார். நியூயார்க்கில் அவர் நடத்தும் 'செம்மா'வில் நத்தைப் பிரட்டல் ஒரு முக்கியப் பதார்த்தம். வயலில் பொறுக்கிய நத்தையை ஏழைச் சாப்பாடு என்று ஊரில் மறைத்துச் சாப்பிட்டவர்கள் உண்டு. 2022-இல் செம்மாவுக்கு மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. 2025 ஜூனில் அமெரிக்கச் சமையல் உலகின் ஜேம்ஸ் பியர்ட் விருதை அவர் வேட்டி கட்டிப் போய் வாங்கினார். மிஷலின் என்பது பிரான்சின் டயர் கம்பெனி. கார் வைத்திருப்பவர்கள் ஊர் சுற்றினால் டயர் தேயும் என்று 1900-இல் வழிகாட்டிப் புத்தகம் போட்டவர்கள், 1926-இல் உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கினார்கள்.

ஊரில் வெளியில் சொல்லக் கூச்சப்படும் பதார்த்தம் எதுவோ, பெருநகரத்தில் அதற்குத்தான் அதிக விலை. எளிமைக்கும் அதே கதைதான். பள்ளிபாளையம் சிக்கனைப் பாருங்கள்: வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல், எண்ணெய். மசாலாத்தூளே கிடையாது. பொருளைக் குறைத்துச் சமைப்பது பெரிய செஃப்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கொள்கை.

படி 6: கையா, கரண்டியா?

பெஷாவரியில் இந்தக் கேள்வியே இல்லை. டெல்லி ஐ.டி.சி. மௌர்யாவில் 1970-களின் இறுதியில் தொடங்கிய 'புகாரா'வின் வழக்கம் அங்கேயும் உண்டு. கழுத்தில் ஏப்ரன் கட்டிவிடுவார்கள், கரண்டி வைக்க மாட்டார்கள், தந்தூரில் சுட்ட இறைச்சியைக் கையால் பிய்த்துச் சாப்பிட வேண்டியதுதான். உலகத் தலைவர்கள் வந்தாலும் அதேதான். கத்தி, முள்கரண்டிக்குப் பயந்தவர்கள் முதலில் இங்கே போங்கள்.

மற்ற இடங்களில் விதி எளிது. வெளியோரத்தில் இருப்பதை முதலில் எடுங்கள், ஒவ்வொரு தட்டுக்கும் உள்நோக்கிப் போங்கள். முள்கரண்டி இடக்கை, கத்தி வலக்கை. இடப்பக்கம் உள்ள சின்ன ரொட்டித் தட்டு உங்களுடையது, வலப்பக்கத் தண்ணீர் உங்களுடையது. இதை மாற்றி எடுத்துவிட்டால் வட்ட மேசையில் எல்லோருக்கும் தடுமாறும். இன்னும் சாப்பிடுகிறேன் என்றால் இரண்டையும் தட்டின் மேல் கூரை மாதிரி சாய்த்து வையுங்கள். முடிந்தது என்றால் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து வையுங்கள். பரிமாறுகிறவர் இதைப் பார்த்துத்தான் தட்டை எடுப்பார். துணியை மடியில் விரியுங்கள், சட்டையில் சொருக வேண்டாம். எலுமிச்சை மிதக்கும் வெந்நீர்க் கிண்ணம் கை கழுவ.

இந்தியச் சாப்பாடு வந்தால், பையர் கரண்டியில் சாப்பிட்டாலும் நீங்கள் கையால் சாப்பிடலாம். அப்படிச் சாப்பிடுகிறவரை யாரும் குறைவாக நினைப்பதில்லை. சில நேரம் அவரே கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்பார்.

படி 7: கிளாஸ் வந்தால்

குடிக்காதவர்கள் "வேண்டாங்க, ஃப்ரெஷ் லைம் சோடா போதும்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. மேனேஜர் குடிக்கிறார் என்பதற்காகக் குடிப்பது வேலை விதியில் எங்கேயும் இல்லை. குடிக்கிறவர்கள் பையர் எழுந்து போகும்வரை ஒரு கிளாஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாளைக் காலையில் அவரோடு ஆர்டர் பேச வேண்டியது நீங்கள். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவர்களுக்கு மது பரிமாறக் கூடாது. காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் தினம், மே தினம் போன்ற நாட்களில் நட்சத்திர ஹோட்டல் பாரும் மூடியிருக்கும். அந்தத் தேதியில் டின்னர் வைக்கிறீர்கள் என்றால் முன்கூட்டியே பையரிடம் சொல்லிவிடுங்கள்.

படி 8: விருந்து கொடுக்கிறவர் நீங்களே என்றால்

திருப்பூரில் இரண்டு மூன்று வருஷம் மெர்ச்சண்டைசராக இருந்தால் இந்தப் பொறுப்பு உங்கள் தலையில் விழும். முதல் வேலை, பையரின் கம்பெனி விதி என்ன என்று கேட்பது. பல வெளிநாட்டு பிராண்டுகள் சப்ளையரிடம் விருந்தோ பரிசோ வாங்கக் கூடாது என்று தங்கள் ஆட்களைக் கட்டிப்போட்டிருக்கின்றன. அப்படிப்பட்டவரை வற்புறுத்துவது மரியாதை இல்லை, அவர் வேலைக்கே ஆபத்து. அவர் தன் பங்கைத் தானே கொடுக்கிறேன் என்றால் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, ஒவ்வாமை. இதில் நம் சமையல் சத்தமில்லாமல் மாட்டிவிடும். கோதுமை ஒத்துக்காத விருந்தாளிக்கு இட்லி, சாம்பார் பத்திரம் என்று நினைப்போம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பது சாதாரணம். சாம்பாரில் ஒரு சிட்டிகை போதும், அவருக்கு ஒத்துக்காமல் போக. நிலக்கடலை ஒவ்வாமை இன்னும் மோசம்; மூச்சையே அடைத்துவிடக்கூடியது. மரச்செக்குக் கடலை எண்ணெய் நம் பக்கத்துக்குப் பெருமை, அவருக்கு அபாயம். சுத்திகரித்த எண்ணெயில் பெரும்பாலும் போய்விடும் புரதம் செக்கு எண்ணெயில் தங்கியிருக்கும். 'வீகன்' என்று சொன்னால் பால், தயிர், நெய், தேன் எதுவும் கூடாது. நெய் ஊற்றாத பொங்கலை அவருக்கென்று தனியாகச் சொல்லிவைக்க வேண்டும்.

நேரமும் ஊருக்கு ஊர் மாறும். ஸ்பெயின்காரர் இரவு ஒன்பது மணிக்கு முன்னால் சாப்பிட உட்காருவதையே விரும்ப மாட்டார். விருந்தாளியை ஆட்கள் நடமாடும் வழியை ஒட்டிய நாற்காலியில் உட்காரவிடாமல், சுவர்ப் பக்கம் முதுகு வரும்படி, கூடம் தெரியும் இடத்தில் உட்கார வையுங்கள். பில்லை மேசையில் பிரித்துக் கணக்குப் பார்க்கக் கூடாது. சாப்பாடு முடியும் முன்பே கை கழுவப் போகிற சாக்கில் எழுந்து போய் கார்டைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

படி 9: சரியில்லை என்றால் சொல்லுங்கள்

ஆறிப்போன சூப், உப்பு கூடிய குழம்பு, கேட்டது ஒன்று வந்தது ஒன்று. பாதி சாப்பிட்டு முடித்தபின் சொல்வது அழகில்லை. இரண்டாவது வாயிலேயே, குரலை உயர்த்தாமல், "இது கொஞ்சம் உப்பா இருக்குதுங்க, மாத்திக் குடுக்கறீங்களா?" போதும். நல்ல இடமாக இருந்தால் மாற்றித் தருவார்கள். பிடித்திருந்தாலும் சொல்லுங்கள், செஃப்பைப் பார்க்கலாமா என்று கேட்டால் கூட்டமில்லாத நேரத்தில் அவரே வெளியில் வருவதுண்டு.

படி 10: பில்லை வரி வரியாகப் பார்ப்பது

தனி ரெஸ்டாரண்ட் என்றால் சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி. 5%. ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டலுக்குள் இருக்கிற ரெஸ்டாரண்ட் என்றால் பொதுவாக 18%. மெனுவில் 1,000 என்று பார்த்தது பில்லில் 1,180 ஆவது இப்படித்தான். மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, மாநில அரசின் வாட் தனியாக வரும். பில்லையே இரண்டாகத் தருவதும் உண்டு. ஆபீஸில் க்ளெய்ம் பண்ணுவதாக இருந்தால் தனித்தனி பில்லே நல்லது. கம்பெனி பெயரையும் ஜி.எஸ்.டி. எண்ணையும் பில் அடிக்கும் முன்பே சொல்லுங்கள். சாப்பாட்டு ஜி.எஸ்.டி.யைக் கம்பெனி பெரும்பாலும் திரும்ப எடுக்க முடியாது என்பது வேறு விஷயம். அக்கவுண்ட்ஸ்காரர் எப்படியும் கேட்பார்.

சர்வீஸ் சார்ஜ் என்று 5, 10 சதவீதம் போட்டிருந்தால் எடுக்கச் சொல்லலாம். அதைக் கேட்காமல் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது; டெல்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அந்தக் காசை உங்களுக்கு ஓடி ஓடிப் பரிமாறியவர் கையில் டிப்ஸாகக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

படி 11: தனியாகப் போய்ப் பாருங்கள்

வெளியூர் வேலையில் தினப்படியோடு இருக்கும்போது அறையில் உட்கார்ந்து பார்சல் சாப்பாட்டைப் பிரிக்காதீர்கள். ஒற்றை ஆளுக்கு டேபிள் தர எந்த நல்ல ரெஸ்டாரண்டும் யோசிக்காது. பையர் இல்லை, மேனேஜர் இல்லை, பேச்சுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. ருசி தெரிவது அப்போதுதான். வார நாள் மத்தியானம், ஒரு ஸ்டார்ட்டர், ஒரு மெயின் கோர்ஸ், பிடித்தால் ஒரு இனிப்பு. போனை உள்ளே வைத்துவிடுங்கள்.

சொந்தக் காசில் வருஷத்துக்கு ஒரே ஒரு தடவைதான் போக முடியும், எங்கே போகலாம் என்று கேட்டால் நான் அவர்தனா என்றுதான் சொல்லுவேன். அதிலும் இருப்பதிலேயே சின்ன வரிசையை எடுங்கள், வயிறும் மாதச் சம்பளமும் தாங்கும்.